கொதிக்காத தீர்த்தம்

கௌதம்ராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். எவர்சில்வர் பானையை அடுப்பில் ஏற்றித் தண்ணீரைக் கொதிக்க வைத்தான். தளதளவென்று வந்த பிறகும் ஐந்து நிமிடம் விட்டான். இறக்கி மூடினான். குளித்துவிட்டு வருவதற்குள் ஆறியிருந்தது. பாட்டிலில் ஊற்றினான். சட்டையை மாட்டினான். வீட்டைப் பூட்டினான்.

எட்டு மாதமாக இதே வரிசைதான். மனைவி சிவரஞ்சனி செத்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அவன் ஒரு தடவையும் அழவில்லை. அந்த வரிசையில் அதற்கு இடமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பாதி வழியில் கண்டக்டர், "சித்தர் மண்டபம் எல்லாம் எறங்கு" என்பார். முக்கால் பஸ் இறங்கிவிடும். போன வருஷம்வரை அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. அந்த மண்டபத்தில் நடந்த முதல் மூன்று கல்யாணமும் முறிந்துபோனதால் ராசியில்லாத மண்டபம் என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. ராசியில்லாத மண்டபத்தைச் சக்தி பீடமாக்க ஒரு போர்டு போதும். 'பட்டுச் சித்தர்' என்று எழுதி மாட்டினார்கள். சக்தி வந்துவிட்டது.

"நூலு எம்புட்டு மழமழன்னு வந்துச்சு தெரியுமா? எங்க மாமியா பாவம் அம்புட்டும் கரைஞ்சிருச்சு" என்றாள் முன்சீட்டுக்காரி.

"ஒங்க மாமியா உசுரோடதான இருக்காக?"

"அதான். போறதுக்கு முன்னாலயே கரைச்சு வச்சிட்டேன்."

சித்தரின் முறை எளிது. பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூலில் ஒரு சிட்டம், ஒரு சிறு கட்டு, தருவார். பூச்சி கூடு கட்டும்போது விட்ட பசை போகாத நூல். தென்னை நார் மாதிரி விறைத்திருக்கும். செத்தவர் பெயரைச் சொல்லி அதைச் செம்புத் தவலைத் தீர்த்தத்தில் போடவேண்டும். தீர்த்தம் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். அதற்கு மேல் சூடேற்றினால் சித்தருக்குக் கோபம் வரும். ஒரு மணி நேரம் மந்திரம். எடுத்துப் பார்த்தால் நூல் வெண்ணெய்போல வழுக்கும், பளபளக்கும். பாவப் பசை கரைந்துவிட்டது!

அடுத்து சிவப்புத் தீர்த்தம். சீராகச் சிவந்தால் ஆத்மா கரையேறிவிட்டது. திட்டுத்திட்டாகச் சிவந்தால் இன்னும் மூன்று வெள்ளி வரவேண்டும். பத்தில் எட்டுப் பேருக்குத் திட்டுதான். இந்த வட்டாரத்தில் பாவம் அவ்வளவு கெட்டி.

சித்தரின் விரல்களில் தோல் உரிந்து தொங்கும். ஊர்ப் பாவத்தையெல்லாம் கையால் வாங்குகிறார் அல்லவா? பெண்கள் அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து வெள்ளிதோறும் உதட்டைச் சுழித்தபடி போகிறவன் கௌதம்ராஜ். பி.டெக். ஜவுளி வேதியியல், முதல் வகுப்பு. பட்டுத் துணியைப் பதப்படுத்திச் சாயமேற்றும் ஆலையில் வேலை. மூடர்களைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது மனிதனுக்கு ஒரு தெம்பு வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை அவனும் அங்கே இறங்கினான்.

மாமியார் பாண்டிசெல்வி இழுத்து வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாரம் மூன்று நாள் பஸ்ஸில் மதுரைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். சிவரஞ்சனியைக் காய்ச்சல் முற்றி ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோன அன்றும் அப்படித்தான் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். திருமங்கலத்தில் ஒரு ஆம்புலன்ஸ் எதிரே போனதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். யாருக்கோ என்ன கஷ்டமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சிவரஞ்சனி கண்ணைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவரிடம் ஒரே கேள்விதான்.

"மாப்ள, கடைசியா அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

அவனுக்குச் சொல்லக் கூச்சம். ஒரு தாயிடம் கொடுக்கும்படியாக இல்லை அது. இன்னும் கொஞ்சம் பெரிதாக எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று செத்தவள்மேல் வருத்தம்கூட உண்டு.

சித்தர் சிட்டத்தைத் தந்தார். கௌதம்ராஜ் பெயரைச் சொன்னான். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது நூல் கைக்குள் இளகிக் கிடந்தது. அவளுக்கு வலி விட்டுப்போனது என்று தோன்றியது. நான்கு நிமிடம் நம்பினான். எதிரே கடிகாரம் இருந்ததால் சரியாகச் சொல்ல முடிகிறது. தினம் எட்டு மணி நேரம் இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவன், இன்னொருவர் காவி கட்டிக்கொண்டு செய்ததும் கண் கலங்கினான். முதல் வகுப்பு.

சிவப்பில் போட்டார்கள். திட்டு விழுந்தது.

"ஆத்மா எதையோ பிடிச்சிக்கிட்டு நிக்கிது" என்றார் சித்தர். "கல்யாணப் பட்டு இருக்கா?"

"பெட்டியில இருக்கு சாமி" என்றார் பாண்டிசெல்வி. புருஷனுக்கு முன்னால் போனவளின் சேலையைப் பெட்டியில் வைத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கும்பிடுகிற வீடு அவருடையது. முதல் கும்பிடு தை மாதம் வரவிருந்தது.

"அடுத்த வெள்ளி கொண்டா. ஒரு ராத்திரி, ஒரு பகல் தீர்த்தத்துல கெடக்கணும். பொறவு அவ கடைசியா நெனச்சதை, சொன்னதை, நான் ஒனக்குச் சொல்லுதேன்."

பாண்டிசெல்வி அங்கேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மத்தியானம் ஆலைக்குப் போனதும் சாய மாஸ்டர் அய்யூப் மூக்கை உறிஞ்சினார்.

"சார், அரை நாள் லீவு போட்டுட்டு எங்க போயி ட்ரம்முக்குள்ள கைய விட்டீங்க?"

"நான் எந்த ட்ரம்மையும் தொடலையே பாய்."

"கைய மோந்து பாருங்க."

மோந்தான். என்சைம் வாடை. பட்டில் உள்ள பசையை மட்டும் தின்று, இழையை விட்டுவைக்கிற பொடி. முன்பெல்லாம் சோப்பும் சோடாவும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். விறகும் வீண், இழையும் நோகும். என்சைம் போட்டால் இளஞ்சூடு போதும். பசை சீராகப் போனால் சாயம் சீராக ஏறும். பாதியில் எடுத்தால் திட்டு விழும். இவ்வளவும் அவனுக்கு மனப்பாடம். அந்த நான்கு நிமிடம் தவிர.

மண்டபத்தில் அவனுக்குக் கொடுத்திருந்த நோட்டீஸில் சித்தரின் படத்தை அய்யூப் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த இடது காதைப் பாருங்க. ஆவி அடிச்சு வெந்த காது. நம்ம பழைய பாய்லர் சங்கிலிப்பாண்டில்லா இது! தாடியை வச்சிட்டா காது மறைஞ்சிருமா?" பிறகு தன் கையை நீட்டினார். "கையுறை போடாம நானும் இந்தத் தண்ணில முக்குனவன்தான். எனக்கும் தோல் உரிஞ்சிச்சு. என்னைய எவனாச்சும் கும்பிட்டானா? மானேஜர் வஞ்சதுதான் மிச்சம்."

கௌதம்ராஜுக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சங்கிலிப்பாண்டி அவனிடம் வந்து, "கொதியே இல்லாம எப்பிடி சார் பசை போகுது?" என்று கேட்டான். கௌதம்ராஜின் பாடத்தில் அதுவரை யாரும் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை. பூரித்துப்போய் ஒரு தாளில் எழுதியே கொடுத்தான். எவ்வளவு பொடி, எவ்வளவு சோடா, நாற்பத்தைந்து டிகிரி, ஒரு மணி நேரம். அடியில் இரண்டு கோடு போட்டு: கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் செத்துவிடும். சங்கிலிப்பாண்டி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றி, எட்டாக மடித்துக் கழுத்துத் தாயத்துக்குள் போட்டுக்கொண்டான். அப்போதாவது சந்தேகம் வந்திருக்கவேண்டும். "எனக்கும் ஒரு மாணவன் கெடச்சிட்டான்" என்று வீட்டில் போய்ச் சொன்னான். சிவரஞ்சனி சிரித்தாள். அடுத்த மாதம் மாணவனைக் காணோம். அரை ட்ரம் பொடியையும் காணோம்.

மாமியாருக்குப் போன் செய்தான்.

"அத்தை, அது மில்லுப் பொடி. சேலையை ஒரு நாள் முழுக்க அதுல போட்டா சாயம் இறங்கிரும், இழை நைஞ்சிரும். கையில எடுத்தா கந்தலா வரும்."

"படிச்சவுகளுக்கு எல்லாமே பொடிதான் மாப்ள."

"நான் சொல்றதைக் கேளுங்க."

"நீங்கதான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கிறீகளே. அவரு சொல்லுதேங்காரு. நான் யாருகிட்ட போக?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. பழைய கூச்சமும் இருந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. அரக்குச் சிவப்புக் கல்யாணப் பட்டை மடியில் வைத்துப் பாண்டிசெல்வி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தர் கை நீட்டியபோது கௌதம்ராஜ் எழுந்தான்.

"சாமி, ஒரு சந்தேகம். தீர்த்தத்துக்குச் சக்தி எங்கேருந்து வருது?"

"என் மந்திரத்துலேருந்து."

"நெருப்புல வச்சா போயிருமா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. போய்விடும் என்று எந்தச் சித்தரால் சொல்ல முடியும்?

"நெருப்பு என்னலே செய்யும்?"

"அப்ப பாதியைக் கொதிக்க வச்சு, அதே சூட்டுக்கு ஆத்திருவோம். நீங்க அதுக்கு மந்திரம் சொல்லுங்க. மீதிக்கு மந்திரம் வேண்டாம். ரெண்டுலயும் ஒவ்வொரு சிட்டம் போடுவோம். ஒரு மணி நேரந்தான்."

சித்தரின் முகம் ஒரு கணம் பாய்லர் ஆபரேட்டர் முகமாயிற்று.

"சோதிக்க வந்தவன் குடும்பம் அழிஞ்சிரும்!"

"அது ஏற்கெனவே ஆயிருச்சு சாமி."

சித்தர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இவன் பொண்டாட்டி உசுரு போறப்ப என்ன சொன்னா தெரியுமா? 'ஆண்டாளே, எம் புருசனைக் காப்பாத்து'ன்னா!"

பாண்டிசெல்விக்குக் கண்ணீர் கொட்டியது. மருமகன் பக்கம் திரும்பினார்.

"அப்படிச் சொல்லல அத்தை."

"பின்னே என்ன சொன்னா?"

மண்டபமே அவன் வாயைப் பார்த்தது. அவன் தவலையைப் பார்த்தான். சித்தர் சிரித்தார். பாண்டிசெல்வி மருமகனையும் சித்தரையும் மாறி மாறிப் பார்த்தார். சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கொதிக்க வைங்க. ஒரு மணி நேரந்தான? எட்டு மாசம் காத்துட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமிக்குச் சக்தி இருந்தா என்ன பயம்?" அப்புறம் சித்தரால் மறுக்க முடியவில்லை. சமையல்கட்டு அடுப்பில் பாதித் தீர்த்தம் பத்து நிமிடம் தளதளத்தது. ஆற்றினார்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் சிட்டங்கள் இறங்கின. கொதித்த தவலைக்குச் சித்தர் நரம்பு புடைக்க மந்திரம் ஓதினார்.

"இதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே, பாவம்" என்றாள் ஒருத்தி, கொதிக்காத தவலையைப் பார்த்து.

"அத்தை, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க" என்றான் கௌதம்ராஜ்.

"எனக்கு என்ன மந்திரம் தெரியும்? பஸ் ரூட்டுதான் தெரியும்."

"அதையே சொல்லுங்க."

பாண்டிசெல்வி தவலையின் முன்னால் உட்கார்ந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, கல்லுப்பட்டி, திருமங்கலம்..." அங்கே நின்றுவிட்டார். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்கினார். ஒரு மணி நேரமும் அப்படித்தான். ஒரு தடவைகூட மதுரை வந்து சேரவில்லை.

நடுவில் சாம்பார் சாதம் போட்டார்கள். சத்தியத்தைத் தேடி வந்த கூட்டம் அங்கே வரிசையாக நின்றது.

மந்திரம் ஓதிய சிட்டத்தை முதலில் எடுத்தார்கள். விளக்குமாறு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பஸ் ரூட்டுச் சிட்டம் பாண்டிசெல்வியின் விரலிடுக்கில் வெள்ளையாக, பளபளவென்று வழிந்தது.

கௌதம்ராஜ் நான்கே வரியில் சொன்னான். இது மில்லில் ட்ரம் ட்ரம்மாக இருக்கிற பொடி. இளஞ்சூட்டில் வேலை செய்யும், கொதித்தால் செத்துப்போகும். மந்திரம் அதற்குத் தெரியாது. கழுத்திலே சாமி தொங்கவிட்டிருக்கிற தாயத்தைத் திறந்து பாருங்கள்.

சித்தர் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். பாண்டிசெல்வியின் கை அதைவிட வேகம். தாயத்துக்குள் எட்டாக மடித்த தாள். முன்சீட்டுக்காரி எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் செத்துவிடும்."

"கையெழுத்து என்னுது" என்றான் கௌதம்ராஜ்.

"அப்ப நீருதான் பெரிய சித்தரா?"

"இல்லம்மா. பெரிய முட்டாள்."

சங்கிலிப்பாண்டி போன திசையில் நாலு பேர் ஓடினார்கள். மீதிப் பேர் என்ன செய்தார்கள்? அதைத்தான் சொல்லவேண்டும். ஒரு பெரியவர் கொதிக்காத தீர்த்தத்தில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. மூன்று பெண்கள் பாண்டிசெல்வியின் காலில் விழுந்தார்கள். "ஆத்தா, ஒங்க வாக்குலதான் சக்தி இருக்கு. எம் மகனுக்கு ஒரு ரூட்டு சொல்லுங்க."

"ஏட்டி, எந்திரி!" என்றார் பாண்டிசெல்வி. "தென்காசிக்குப் போற பஸ்ஸுக்கெல்லாம் சூடம் காட்டுவீக போலிருக்கே. தலை எதுக்குடி இருக்கு, பூ வைக்கவா?"

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சேலை மடியில் இருந்தது. சாயம் இறங்காமல், இழை நையாமல். பாண்டிசெல்வி அதன் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ அவனுக்கு வாய் வந்தது.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது சொன்னா அத்தை. மாஸ்க் போடுறதுக்கு முன்னால. அதுக்குப் பொறவு பேசல. பெருசா ஒண்ணுமில்ல. அதான் சொல்லல."

"சொல்லுங்க மாப்ள."

அவன் காலையில் ஆற்றிய தண்ணீர் பாட்டிலைக் கையில் உருட்டினான். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

"பானையில இருக்கிறது பச்சத்தண்ணி. யாரு குடுத்தாலும் அப்படியே குடிச்சிராதீங்க. கொதிக்க வச்சிக் குடிங்க."