வாழைக்காய் பூசிய மாப்பிள்ளை

பெண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அண்ணன். மதினி. தரகர். பெண்ணின் அப்பா. அம்மா. பெண். கடைசியாக நான். மூக்குக்குக் கீழேயும் இரண்டு கைகளிலும் எனக்கு வெண்புள்ளி. அதைத் தரகர் அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வாரம் திண்டுக்கல்லில் தோல் டாக்டரைப் பார்த்திருந்தேன்.

"பருப்பு, முட்டை சாப்பிடுறோம்ல, அதுல டைரோசின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு. தோல்ல இருக்குற செல்லு அதைத்தான் மெலனின்ங்குற கறுப்பு நிறமா மாத்துது. ஒங்களுக்கு அந்த செல்லு அங்கங்க இல்லாமப் போச்சு. நறுக்குன வாழைக்காய் கறுக்குதுல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலைதான்."

மருந்தும் எழுதினார். எனக்கு வாழைக்காய் மட்டும் புரிந்தது. (எட்டாவதோடு நின்றவனிடம் உதாரணம் சொல்லக் கூடாது.)

பெண் பார்க்கப் போகும் நாள் காலை வாழைக்காயை நறுக்கிப் புள்ளிகளில் தேய்த்தேன். நிறம் வரவில்லை. இன்னும் தேய்த்தேன். வடமதுரையில் பஸ் ஏறும்போது லேசான பழுப்பு. லட்சணமாகத்தான் இருந்தேன். கன்னிவாடியில் இறங்கும்போது ரோட்டுத் தார் மாதிரிக் கறுப்பு.

எனக்குப் பஞ்சர் கடை. பெண்ணின் அப்பா கையைப் பார்த்தார்.

"என்னப்பு, கடையிலருந்து நேரா வாரீகளா?"

பெண் காபியோடு வந்தாள். அவர்கள் வாழைத்தோட்டக்காரர்கள். (இதையும் தரகர் சொல்லவில்லை.)

"அம்மா, இது வாழக்கறை" என்றாள். சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது.

அம்மா மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்தார். அப்பா என் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"விடுங்க, வீட்ல போயிப் பாத்துக்கிறேன்."

"இருங்கப்பு. செத்த நேரத்துல போயிரும்."

போனது. கீழே வெள்ளை.

அப்பா துணியைக் கீழே வைத்தார். பெண்தான் கேட்டாள்.

"இது ஒட்டுமா?"

"ஒட்டாது" என்று நிறுத்தியிருக்கலாம். நான் பருப்பில் ஆரம்பித்தேன். முட்டை, டைரோசின், செல், மெலனின், எல்லாம் சொன்னேன். என் ஆயுசிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அது. காபி ஆறிவிட்டது. பெண் கடைசிவரை நின்று கேட்டாள்.

"சொல்லி அனுப்புறோம்" என்றார் அப்பா. அனுப்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மதினி கேட்டார்: "ஏன் தம்பி, பொண்ணு பாக்க வந்தீகளா, டியூசன் எடுக்க வந்தீகளா?" அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

இன்றும் அண்ணன் வீட்டில் முட்டை அவித்தால், "டைரோசின் சித்தப்பாவக் கூப்புடுங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போவேன். மற்ற நாள் கடை. சாத்திவிட்டு வந்து நானே சமைத்துக்கொள்வேன்.

வீட்டில் தட்டு ஒன்று.