துரையின் கையில் சந்தனம்

பிரெஞ்சு தெரியுமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குள் தெரியும் என்று நானே சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைகோனில் ஒரு பிரெஞ்சு ஓட்டல் சமையற்கட்டில் ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்தே அந்தப் பாஷையைப் பிடித்தேன். (காலேஜில் படித்தவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது.)

காரைக்கால்காரனான நான் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்தபோது மாம்பலத்தில் புதுத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டைச் சாப்பாட்டுக் கடையில் மறுபடியும் பாத்திரம்தான். அப்போதுதான் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் பிரெஞ்சு வாத்தியார் தேடுகிறார் என்று காதில் விழுந்தது. பிரெஞ்சு வியாபாரி ஒருவர் தம் வழக்குகளைக் கொடுக்க வரப்போகிறாராம். அவரை அவர் பாஷையிலேயே வரவேற்று அசத்த வேண்டும் என்பது வக்கீலின் ஆசை. இரவல் கோட்டில் போய் நின்றேன்.

"துரை மனசு குளிர்ந்தா, என் சிநேகிதாள் ஆத்துக்கெல்லாம் நீர்தான் வாத்தியார். இல்லேன்னா, ஓய், இந்தத் தெருப் பக்கமே தலைகாட்டப்படாது" என்றார்.

"கவலைய விடுங்க சாமி. துரையே அசந்துருவாரு."

"சரி, உள்ளே வர்றவரை எப்படி வரவேற்கறது?"

அங்கேதான் இடித்தது. விருந்தாளிகள் வரும் ஓட்டல் கூடத்தை நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தினம் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் தலைமைச் சமையற்காரர் உரக்க ஒன்று சொல்வார். பிறகு கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். உள்ளே வருகிறவனைப் பார்த்துச் சொல்வது வரவேற்பு இல்லாமல் வேறென்ன? இரண்டையும் சொல்லிக் கொடுத்தேன். வக்கீல் ஸ்தோத்திரம் மாதிரி உருப்போட்டார்.

துரை வந்தார். வக்கீல் கைகூப்பி, ஜட்ஜையே உருக்கும் குரலில் சொன்னார். அதன் முழு அர்த்தம் பின்னால்தான் எனக்கே விளங்கியது: "வந்துட்டியா, சோம்பேறிக் கழுதை! கையைக் காட்டு!"

துரையின் முகம் தக்காளியாகச் சிவந்தது. பிறகு, யாரோ சாவி கொடுத்ததுபோல் இரண்டு கையையும் நீட்டி, திருப்பியும் காட்டினார். அதுதான் பிரெஞ்சு மரியாதை என்று நினைத்த வக்கீல், கிண்ணத்துச் சந்தனத்தை எடுத்து அவர் கை நிறையப் பூசினார்.

சந்தனக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துரை சிரித்தார். சின்ன வயதில் அவரும் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தவராம்! இதைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று இங்கிலீஷில் சொன்னவர், அர்த்தத்தையும் சொல்லித் தொலைத்தார்.

வழக்குகள் வக்கீலுக்குக் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது வாசல்.

"கேஸ் கெடச்சுதேன்னு விடறேன். ஓடும்!"

கெட்டிக்காரன் சும்மா இருப்பானா? அடையாற்றுப் பங்களாச் சமையற்காரர்களில் பிரெஞ்சுக் கப்பலுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தேடிப் பிடித்தேன். வாத்தியாராகவே ஆனேன். மற்ற வாத்தியார்கள் சொல்லித் தருவது கப்பலில் யார் காதிலும் விழாது. நான் சொல்லித் தந்தது முதல் நாள் காலையிலேயே, தலைமைச் சமையற்காரர் வாயாலேயே, விழும்.

என் சம்சாரம் சிந்தாதிரிப்பேட்டைக்காரி. இன்றைக்கும் நான் வீட்டுக்குள் நுழைந்தால் பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க ஒரே வரவேற்புதான்:

"இன்னா வாத்தியாரே, வந்துட்டியா? கையக் காட்டு!"

காட்டுவேன். காட்டினால்தான் இலை போடுவாள்.