பணயம் வைத்த மீசை

முப்பத்தொரு பேர் பிளஸ் டூ எழுதினார்கள். முப்பது பேர் தேறினார்கள். தலைமையாசிரியை அறையில் கணினியைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு தாமஸ் சாரை நேராகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டி வந்தவர்களும் மூக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குக் கீழே இறங்க யாருக்கும் மனசு வரவில்லை.

அதற்குக் கீழேதான் மீசை இருந்தது.

லேசுப்பட்ட மீசையில்லை. முப்பத்தாறு வருஷத்து மீசை. இரண்டு பக்கமும் கன்னம் வரை போய், அங்கே கொஞ்சம் யோசித்து, பிறகு மேலே திரும்பும். வில்லியனூர் கொம்யூனின் ஊர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தாமஸ் என்பதே தெரியாது. கெமிஸ்ட்ரி எடுக்கிற மீசை சார் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கல்யாணத்தன்று மனைவி லூசி அவரிடம் முதன்முதலாகப் பேசியதே, "சாப்புடும்போது இத இன்னா பண்ணுவீங்க?" என்பதுதான்.

அப்பேர்ப்பட்ட மீசையை அவர் ஜனவரி மாதப் பெற்றோர் கூட்டத்தில் பணயம் வைத்துவிட்டார்.

வைக்க வைத்தவர் உறுவையாறு இருசப்பன். நெல்லும் கரும்பும் போடுகிறவர். கூட்டம் முடிந்து டீ வருகிற நேரத்தில் எழுந்து நின்றார்.

"எம் பையன் தமிழ்க்குமரன் தேற மாட்டான் சார். சும்மா பெஞ்ச தேச்சிகினு இருக்கறான். டிசிய குடுத்துடுங்க. கரும்பு வெட்ட ஆளு கெடைக்கல."

"பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு இருசப்பன். எழுதட்டும்."

"எழுதி ஃபெயிலாவறதுக்கு எழுதாமலே இருக்கலாம் இல்ல?"

தாமஸ் சாருக்கு அன்றைக்கு ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துபோயிருந்தது. "அவன் ஃபெயிலானா என் மீசைய எடுத்துடறேன். போதுமா?" என்றுவிட்டார்.

இருசப்பன் அந்த மீசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலை நாலரைக்குத் தாமஸ் சார் அந்த வீட்டுக்குப் போன் அடித்தார். ஒரு நாள்கூடப் பையன் எடுக்கவில்லை. "எழுப்பிட்டன் சார், மூஞ்சி கழுவறான்" என்று இருசப்பனின் குரல்தான் வரும். டி.சி. கேட்ட மனுஷன் இப்படித் தினம் எழுந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று தாமஸ் சார் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

கெமிஸ்ட்ரி எழுத்துத் தேர்வில் தேற இருபத்துமூன்று வேண்டும். தமிழ்க்குமரன் வாங்கியது பத்தொன்பது. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். மீசை சாரின் பாடத்தில் மட்டும் கம்பார்ட்மென்ட். ஜூலையில் மறுபடி எழுத வேண்டும்.

"சார், அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. யாரும் வந்து கேக்கப் போறதில்ல" என்றார் தலைமையாசிரியை ஆனி மேரி.

"நான் கேப்பேன் மேடம்."

உண்மையில் அவருடைய கவலை மீசையைப் பற்றி இல்லை. மீசை போனால் ஆறு மாதத்தில் வளரும். கரும்புக் கொல்லைக்குப் போன பையன் திரும்பி வரமாட்டான். ஜூலைத் தேர்வு, கல்லூரி எல்லாம் இருசப்பனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் ஏடாகூடமாகச் சொல்லி, அவர் கோபத்தில் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சொல்ல வேண்டும். தாமஸ் சாருக்கு அந்த மாதத்தோடு பணி ஓய்வு. இந்தப் பையன்தான் கடைசிப் பையன். இவனைத் தவறவிட்டால் முப்பது வருஷ வாத்தியார் வேலையே ஒரு மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

ஆனால் உடனே கிளம்ப விடவில்லை. தேறிய முப்பது பேரோடும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வாசலில் ஆயிரம் வாலா வெடித்தார்கள். எல்லாம் முடிந்து அவர் உறுவையாறு போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

இருசப்பன் வீட்டு வாசலில் டி.வி.எஸ். வண்டி நின்றது. அதை ஒட்டித் தன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது எஞ்சின் சூடு காலில் பட்டது. இருசப்பன் வெளுத்த சட்டையோடு, வியர்வை வழிய, வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாமஸ் சாரைப் பார்த்ததும் ஒரு விநாடி அப்படியே நின்றார். அடுத்த விநாடி வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"வாங்க சார், வாங்க. நானே வந்து பாக்கலாம்னு இருந்தன். பையன் பாஸாமே?"

யாரோ தப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்று தாமஸ் சார் நினைத்தார்.

"இருசப்பன், அது விஷயமாத்தான்..."

"மொதல்ல வாய இனிப்பாக்கணும் சார். மத்ததெல்லாம் அப்பறம். கல்பனா, சாருக்கு ஸ்வீட்டு எடுத்தா."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி கல்பனா புருஷனை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் ஒரு கரண்டி நிறையச் சர்க்கரையோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அடுப்புப் புகை சார்" என்றார், கேட்காமலே. அந்த வீட்டில் கேஸ் அடுப்பு என்பது தாமஸ் சாருக்குத் தெரியும். சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

வாய் நிறையச் சர்க்கரையோடு கெட்ட செய்தி சொல்ல முடியாது. முழுங்கிவிட்டு ஆரம்பித்தார். "இருசப்பன், மார்க்குங்கறது..."

"அசையாதீங்க சார்." இருசப்பன் துண்டின் முனையை எடுத்து, மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல் மெதுவாகத் தட்டிவிட்டார்.

இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சரி, முதலில் பையனிடம் பேசலாம், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லலாம் என்று வழியை மாற்றினார். தமிழ்க்குமரன் கொட்டகைப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். மாட்டின் தலை தெரியாத அளவுக்குப் போட்டுவிட்டு, இன்னும் போட்டுக்கொண்டிருந்தான்.

"தமிழு, ரிசல்ட் பாத்தியா?"

அவன் வாயைத் திறந்தான்.

"பாத்தாச்சி சார், பாத்தாச்சி" என்று பின்னாலேயே வந்து நின்றார் இருசப்பன். "சந்தோசத்துல பேச்சே வர மாட்டேங்குது. சார் கால்ல வுழுடா."

பையன் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்காமல் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். தாமஸ் சாருக்கும் கண் கலங்கிவிட்டது. தன் கையால் திருத்திய பையன். நாலே நாலு மார்க்கு. யாராவது ஒரு கேள்வியை இன்னும் கொஞ்சம் எளிதாகக் கேட்டிருக்கக் கூடாதா?

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கண்ணையன் வந்து சேர்ந்தார். ஊரில் காதுகுத்து முதல் கருமாதி வரை முன்னால் நின்று நடத்துகிறவர்.

"இன்னா இருசப்பா, சார் வந்திருக்காரு, சொல்லவே இல்ல? பையன் பாஸா?"

இருசப்பன் தாமஸ் சாரைப் பார்த்தார். தாமஸ் சார் இருசப்பனைப் பார்த்தார். ஊர்க்காரன் முன்னால் ஒரு தகப்பன் முகத்தைக் கறுக்க வைக்கத் தாமஸ் சாருக்கு மனசு வரவில்லை.

"நல்லா பண்ணியிருக்கான்" என்றார். பிராக்டிக்கலில் நன்றாகத்தான் பண்ணியிருந்தான்.

"அப்ப மீசை தப்பிச்சிது."

கண்ணையன் வீட்டுக்கு ஓடிப்போய், தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துப் பற்றவைத்தார். அது ஒருமுறை சீறிவிட்டு அடங்கியது. விடுகிற ஆளா அவர்? தன் கல்யாணத்தில் யாரோ போட்ட சால்வையைக் கொண்டுவந்து தாமஸ் சாருக்குப் போர்த்தினார். மே மாத வெயிலில் அந்தச் சால்வை நன்றாகவே வேலை செய்தது. சாரையும் பையனையும் தோளோடு தோள் நிற்க வைத்துப் போனில் படம் எடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஃப்ளெக்ஸ் அடிச்சி மெயின் ரோட்டுல வெச்சிடறன். நடுவுல பையன், மேல சாரு, கீழ நானு."

"வேணாம்" என்றார் தாமஸ் சார்.

"வேணாம்பா" என்றார் இருசப்பன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஏன் வேணாம்?"

"ஃப்ளெக்ஸ் வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு" என்றார் தாமஸ் சார்.

"ஆமா, கோர்ட்டு" என்றார் இருசப்பன். கோர்ட்டையே மதிக்காமல் நிலத் தகராறில் நாலு வருஷம் ஓட்டியவர் அவர்.

கண்ணையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஃப்ளெக்ஸுக்குப் பதிலாகப் படத்தை ஊர் வாட்சப் குரூப்பில் போட்டுவிட்டார். 'தமிழ்க்குமரன் பாஸ். மீசை சார் வாக்கு பலித்தது.' இரண்டு நிமிஷத்தில் தாமஸ் சாரின் போன் அடித்தது. ஆனி மேரி.

"சார், இன்னா இது? அந்தப் பையன் பாஸ்னு நீங்களே சால்வை போட்டுகினு நிக்கறீங்க. ரீவேல்யூவேஷனுக்கே இன்னும் போடலியே?"

"வந்து சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டார். ஒரு குடும்பத்திடம் உண்மை சொல்ல வந்தவர், இப்போது ஒரு கொம்யூனுக்கே பொய் சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒருமுறை முயன்றார். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இருசப்பன், ஒருவேளை, ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன், ஜூலையில..." என்றார்.

"வெயில்ல நிக்காதீங்க சார், பிரசர் ஏறிடும்" என்ற இருசப்பன், ஸ்கூட்டரைத் தானே பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

வரப்பு ரோட்டில் போகப் போகத் தாமஸ் சாருக்கு ஒன்று புலப்பட்டது. வாயால் சொல்ல முடியாததை முகத்தால் சொல்லலாம். மீசையை எடுத்துவிட்டால் போதும். நாளைக்கு இந்த முகத்தை இருசப்பன் பார்த்தால் தானாகவே விளங்கிவிடும். கோபப்படுவார். கோபப்படட்டும். வாத்தியார் சொன்ன வார்த்தையை நிறைவேற்றிவிட்டார் என்ற மரியாதையாவது மிஞ்சும். அந்த மரியாதையை வைத்து ஜூலைத் தேர்வுக்கு மன்றாடலாம். மொட்டை மூக்கோடு மன்றாடினால் இரக்கமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

உறுவையாற்றில் இருந்த சலூனில் அவர் வண்டியை நிறுத்துவதற்குள் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. "சாப்பாட்டு நேரம் சார்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மணி மூன்றரை. அடுத்த ஊரில் இருந்தவர் கையில் சுளுக்கு என்றார். அந்தக் கையாலேயே கதவைச் சாத்தினார்.

வில்லியனூருக்கு வந்து, இருபது வருஷமாக முடிவெட்டிக்கொள்ளும் அன்புராஜ் கடையில் போய் உட்கார்ந்தார். அன்புராஜ் அவரிடம் படித்தவன்தான்.

"மீசைய எடுத்துடுப்பா."

"முடி கொஞ்சம் வளந்திருக்குது சார், வெட்டிடறன்."

வெட்டினான். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்தான். கழுத்தைச் சொடுக்கெடுத்தான். காதுமடலில் இருந்த இரண்டு முடியைத் தேடிப் பிடித்துக் கத்தரித்தான்.

"மீசை" என்றார் தாமஸ் சார்.

"ப்ளேடு தீந்து போச்சி சார்."

கண்ணாடிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ப்ளேடு இருந்தது.

"அது பழசு சார்."

தாமஸ் சாருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பையனைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு தகப்பனிடம் நிஜம் பேச முடியவில்லை, சொன்ன ஒரு வார்த்தையையாவது காப்பாற்றலாம் என்றால் அதற்கும் இத்தனை தடையா? கையை நீட்டிக் கத்தியைத் தானே எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்து, வலது முனையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார்.

அன்புராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கத்திய கீழ வைங்க சார். மத்தியானம் இருசப்பன் மாமா டி.வி.எஸ்ஸ எடுத்துகினு, உறுவையாத்துலேர்ந்து வில்லியனூரு வரைக்கும் ஒரு சலூன் வுடாம ஏறி எறங்கிட்டு போயிருக்காரு. 'பையன் நாலு மார்க்குல வுட்டுட்டான்டா, ஜூலைல நான் எழுத வெச்சிடறன், அதுவரைக்கும் சாரு வாயத் தொறந்து சொல்ல வுடாம நான் பாத்துக்கறன், மீசைல கத்தி படாம நீ பாத்துக்கோ'ன்னு."