மேதகு பஸ்திஸ்ஸிக் கடைக்காரர்

மால்டாத் தீவில் ஹால் பினார் என்ற ஊரில் ஜிலொர்மு பஸ்திஸ்ஸிப் பலகாரக் கடை வைத்திருந்தார். கடையில் அடுப்பு இருந்தது, மாவு இருந்தது, உள்ளே வைக்கப் பாலாடைக்கட்டி இருந்தது. குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. தெருக்குழாய் உடைந்து இரண்டு கோடை போயாயிற்று. மாவு பிசைய மனைவி செட்டாதான் பக்கத்துத் தெருவிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். புனித வெள்ளி நாடகத்தில் வருஷா வருஷம் ஜிலொர்முதான் ரோம ஆளுநர் பிலாத்து. இந்த வருஷம் கைகழுவத் தண்ணீரில்லாமல், வெறும் துண்டில் துடைத்துக்கொண்டு ஏசுவைச் சிலுவைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

ஊராட்சி அதிகாரி ரொக்குவிடம் நடந்து நடந்து ஜிலொர்முவின் செருப்பே தேய்ந்தது.

"குழாய் வெள்ளைக்காரன் காலத்துல போட்டது. தொட நமக்கு அதிகாரம் இருக்கான்னு பாக்கணும்," என்பார் ரொக்கு.

"அவன் போயி, நானே தாத்தா ஆயிட்டேனே ஐயா!"

"போனவன் குழாயைப் பத்தி ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே."

அப்போதுதான் 'பொற்கால நினைவுப் பயணம்' என்றொரு மோஸ்தர் கிளம்பியது. ஒரு காலத்தில் இங்கே கப்பற்படையில் இருந்த இங்கிலாந்துக் கிழவர்கள் கூட்டமாக வந்து, பழைய நாட்களை எண்ணிக் கண்கலங்குவார்கள். கலங்கிய கண்களுக்கு ஒரு கவர்னரைக் காட்டவேண்டும் என்பது மேலிடத்து ஆணை. அந்நிய ஆளுநராகப் பல்லாண்டு அனுபவம் பெற்றவர் ஊரில் ஒருவர்தானே! பிலாத்துவின் அங்கியைக் கழற்றி, சேவல் இறகு செருகிய தொப்பியை ஜிலொர்மு தலையில் வைத்தார்கள். மேதகு கவர்னரின் ஆணைகள் தாமதமின்றி நிறைவேற்றப்படுவதாக விருந்தினருக்குத் தோன்றவேண்டும் என்று சுற்றறிக்கை வேறு.

முதல் நாள் தர்பாரில் முதல் ஆளாகச் செட்டா வந்து மண்டியிட்டாள்.

"எக்சலென்சி, எங்க கடைக்குழாயில தண்ணி வரல."

"யாரங்கே! ரொக்கு! குழாயைச் சரிபண்ணு!"

"உத்தரவு, எக்சலென்சி!" ரொக்குவின் முதுகு தானாக வளைந்தது. சாயங்காலத்துக்குள் பள்ளம் தோண்டி, குழாய் மாற்றி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செட்டா குழாயடியிலேயே நின்று அழுதுவிட்டாள்.

"தோணினாப் போதும்னுதானே சொன்னாங்க?" என்று ரொக்குவிடம் யாரோ கேட்டார்கள்.

"செய்யாததைச் செஞ்ச மாதிரி காட்டறதெல்லாம் நம்ம ஆட்சியில சரிப்பா. கவர்னர்கிட்ட போயி அப்படிச் செய்ய முடியுமா?"

மறுநாள் ஊரே வரிசையில் நின்றது. எரியாத விளக்கு எரிந்தது, அடைத்த சாக்கடை ஓடியது. சம்பள உயர்வு மனுவோடு ரொக்குவும் வரிசையில் நின்றார். சுற்றுலாப் பருவம் முடிந்ததும் ஜிலொர்மு தொப்பியைக் கழற்றப் பார்த்தார், ஊர் கழற்றவிடவில்லை.

கிழவர்களில் பெம்பர்டன் என்பவர் மட்டும் ஊருக்குப் போகாமல், தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எக்சலென்சி, எங்க ஊர்ல சாக்கடை வழிஞ்சு வீட்டுக்குள்ளயே வருது. நகராட்சியில கேக்க நாதியில்ல. தாங்கள்தான் ஒரு தடவை எழுந்தருளணும்."

ஜிலொர்மு பதறிப்போனார். "ஐயையோ, அடுத்தவன் நாட்டு விஷயத்துல நாம தலையிடலாமா?"

"நீங்க கூப்பிட்டுத்தான் நாங்க இங்க வந்தோம்னு எங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க. இப்ப நாங்க கூப்பிடறோம். முறைதானே?"

முறையாகத்தான் பட்டது. துறைமுகத்தில் ஊரே திரண்டு, "எங்களை இப்படி அநாதையா விட்டுட்டுப் போறீங்களே!" என்று மூக்கைச் சிந்தியது.

"ஏங்க, குழாய் நின்னா நான் யார்கிட்ட சொல்றது?" என்றாள் செட்டா.

"மனுப் போடு. ஆவன செய்யப்படும்."

"கட்டின பொண்டாட்டிகிட்ட பேசற பேச்சா இது? சரி, எப்பத்தான் திரும்பி வருவீங்க?"

ஜிலொர்மு கப்பல் படியில் நின்று இறகை நீவிவிட்டுக்கொண்டார். "ரொம்ப நாள் ஆகாது செட்டா. அவங்க தங்களைத் தாங்களே ஆளக் கத்துக்கிட்டதும் வந்துடுவேன்."

செட்டா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், இருந்த அண்டா குண்டா அத்தனையிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள்.