ஜாமீன் கையெழுத்து

“தேவேந்திரா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி…” என்று நைனா அடிக்கடி ஏதோ சொல்வார். முன்னாடி என்ன செய்யச் சொன்னார் என்பது மட்டும் தேவேந்திரனுக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. நைனா பேசி முடிப்பதற்குள் இவர் எங்காவது கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்தக் கையெழுத்தும் லேசுப்பட்டதல்ல. முதலில் தமிழில். பக்கத்திலேயே ஆங்கிலத்தில். அடியில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. “உங்க கையெழுத்தப் பாத்தா பேங்க்காரனே எழுந்து நிப்பான் மாமா” என்று எவனாவது சொன்னால் போதும். அவர் ஓமானுக்குப் போகுமுன், செஞ்சிக் கடைத்தெருவில் அவருடைய ஜாமீன் இல்லாமல் ஓடிய மோட்டார் சைக்கிளே கிடையாது.

சம்பாதித்து ஊர் திரும்பியவர், வல்லம் ரோட்டில் நிலக்கடலையை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டையை, உடைத்துப் பருப்பெடுக்கும் மெஷின் போடத் தீர்மானித்தார். லோன் கேட்டுப் போனார். வங்கி மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

“சார், உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல கோர்ட்டுத் தீர்ப்பு ஒண்ணு நிக்குதே. கந்தசாமிங்கிறவரோட டிராக்டர் லோனுக்கு நீங்க ஜாமீன். அவர் கட்டல. ஃபைனான்ஸ்காரங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டு ஜெயிச்சிருக்காங்க. இது தீராம லோன் கஷ்டம்.”

தேவேந்திரன் அசரவில்லை. ஓமானில் பார்க்காத சிக்கலா? ஒரே பயம்தான்: மனைவி சுமலதாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மெஷின் என்ன, மிக்ஸி போடக்கூட விடமாட்டாள்.

மறுநாள் காலை சலவைச் சட்டையோடு புறப்பட்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“அனந்தபுரம். வெதைக்காய் பாக்க.”

“வெதைக்காய் பாக்க சென்ட்டு இன்னாத்துக்கு?”

“வெயிலு அதிகமா இருக்குது.”

“வக்கீலும் கூட வராரா?”

“இன்னா பேசுற நீ? வக்கீலுக்கும் மல்லாட்டைக்கும் இன்னா சம்பந்தம்?”

“அதான் நானும் கேக்கறேன். நீங்க குளிக்கச்சொல்ல போன் பண்ணாரு.”

“ராங் நம்பரா இருக்கும்.”

“ராங் நம்பரு உங்க பேரு, உங்க நைனா பேரு எல்லாம் சொல்லுதே!”

அதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

ஃபைனான்ஸ் ஆபீசில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தார். “கந்தசாமி பாக்கி எவ்வளவுன்னாலும் சொல்லுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்.”

“எந்தப் பாக்கி சார்?” என்றான் ஆபீஸ் ஆள். “நீங்க ஓமான்ல இருந்தப்பவே உங்க வீட்டம்மா சீட்டெடுத்துக் கட்டிட்டாங்களே. பாக்கி இல்லன்னு சர்டிபிகேட்டும் குடுத்தாச்சு.”

“அப்ப ரிப்போர்ட்ல ஏன் இன்னும் நிக்குது?”

“அந்த சர்டிபிகேட்ட வெச்சு நீங்க மனு போட்டா எடுத்துடுவாங்க. அம்மாகிட்ட அப்பவே சொன்னோம். ‘அதுக்கு இன்னா அவசரம்’னு சிரிச்சினே போய்ட்டாங்க.”

வீட்டில் சுமலதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வெதைக்காய் கெடைச்சுதா?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அடுத்த வாரமே ரிப்போர்ட்ட சுத்தம் பண்ணியிருப்பீங்க. அதுக்கடுத்த வாரம் இன்னொரு கந்தசாமி வந்திருப்பான். ஊருக்குத் திரும்பினதுலேர்ந்து நீங்க ஜாமீன் போட்டது ஒண்ணாவது செல்லுபடியாச்சா?”

தேவேந்திரன் யோசித்தார். ஆகவில்லைதான். எல்லோரும் மறுநாளே, “பேங்க்ல வேற ஆளக் கேக்கறாங்க மாமா” என்று வந்து நின்றார்கள். கையெழுத்து ரொம்ப அழகாக இருப்பதால் சந்தேகப்படுகிறார்கள் என்று இதுவரை நினைத்திருந்தார்.

“அப்ப என் மெஷினு?”

“நீங்க பேச்செடுத்த அன்னிக்கே என் பேர்ல எழுதிக் குடுத்தேன், லோன் ஆயிடுச்சு. மெஷினு வெள்ளிக்கிழம வருது. என் ரிப்போர்ட்டு கண்ணாடி மாதிரி இருக்குதாம், மேனேஜரே சொன்னாரு. நீங்க ஓட்டுங்க. சம்பளம் பேசிக்கலாம்.” பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். “மனு போடறதுன்னா போடுங்க. இனி உங்க இஷ்டம்.” மறுபடி கீரை ஆய உட்கார்ந்தாள்.

தேவேந்திரன் பேனாவைத் திறந்தார். வாசலில் பைக் வந்து நின்றது. எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வன், கையில் லோன் பேப்பர்.

“மாமா, கார் எடுக்கறேன்! ஜாமீன்னு சொன்னதும் உங்க கையெழுத்துதான் கண்ணுல நின்னுது. இன்னா அழகு, இன்னா அழகு!”

பேனா தானாக நிமிர்ந்தது. தேவேந்திரன் சுமலதாவைப் பார்த்தார். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

“எம்மேல கோர்ட்டுத் தீர்ப்பு இருக்குதுப்பா. பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றார்.

அவன் போனதும் சர்டிபிகேட்டை மடித்து, பழையபடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சுமலதாவிடம் கொடுத்தார்.