தோளானந்தரும் நாடி தின்னும் பேயும்

சலவைக் கடையின் மாடிப்படியில் காலை எட்டு மணிக்கே கால் வைக்க இடமில்லை. கீழே துணியை வெளுத்தார்கள், மேலே ஆளை வெளுத்தார்கள். மேலே இருந்தவர் தோளானந்தர். மனிதர்களின் தோளில் ஒரு பேய் வந்து குந்திக்கொள்கிறது, அது கையின் நாடியைத் தின்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாவம், பேய்க்கு உலகத்தில் வேறு தீனி கிடைக்கவில்லை.

வரிசையில் முடிதிருத்தும் கடைக்காரியும் நின்றாள். பத்து வருடமாகக் கையைத் தூக்கித் தூக்கி ஊரார் தலையை அழகுபடுத்துகிறவள். மூன்று மாதமாக வலக்கையைத் தூக்கினால் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிறது. கொஞ்ச நேரத்தில் கையே இரவல் வாங்கியதுபோல் மரத்துவிடுகிறது. போன வாரம் கத்தரி நழுவி ஒருவருடைய காதைப் பதம் பார்த்துவிட்டது. இனி யார் தலையைக் கொடுப்பார்கள்? அந்தப் பயம்தான் அவளைப் படியேற்றியது.

தோளானந்தர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "துடிக்குதாம்மா?"

"துடிக்குது."

கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுத்தார். முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். "இப்போ நீயே தொட்டுப் பாரு."

தொட்டாள். துடிப்பு இல்லை.

"தின்னுட்டு இருக்கு," என்றார் அவர், பக்கத்து வீட்டில் சாப்பாடு நடப்பதைச் சொல்வதுபோல. கையை இறக்கி 'உஸ்' என்று ஊதினார். துடிப்பு திரும்பியது. கூட்டம் வாயைப் பிளந்தது.

வைத்தியம் என்னவென்றால், இரண்டு கிலோ கூழாங்கல் நிரப்பிய ஒரு துணிப்பை. "இதைத் தோள்ல மாட்டிக்க. பேய்க்கு உக்கார இடம் இருக்காது." சொன்ன விலைக்கு வாங்கினாள். பேயையே விரட்டுகிறவரிடம் பேரமா பேச முடியும்?

பத்து நாள் சுமந்தாள். எறும்பு இப்போது குடும்பத்தோடு முழங்கை வரை வந்தது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் நாத்தனார் அன்று வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, எதுக்குக் கல்லைச் சுமக்கிறீங்க?"

விஷயத்தைக் கேட்டதும் முதலில் பையை இறக்கிவைத்தாள். மறுநாளே தன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் பலவிதமாகச் சோதித்துவிட்டு, 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்றார்.

"பேரு பேயை விடப் பயமா இருக்கே," என்றாள் கடைக்காரி, வெளியே வந்ததும்.

"பேருதான் அப்படி. கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. கைக்குப் போற நரம்பும் ரத்தக் குழாயும் அந்த வழியாத்தான் போகுது. உங்களுக்குச் சந்து இறுகி நரம்பை நசுக்குது. நீங்க அது மேலயே ரெண்டு கிலோ கல்லை ஏத்தியிருக்கீங்க."

"அப்போ நாடி நின்னுச்சே? என் விரலாலயே தொட்டேனே."

"கையை அப்படி இழுத்தா நல்லா இருக்கிற பல பேருக்கும் நிக்கும். அதை மட்டும் வெச்சு டாக்டரே எதையும் முடிவு பண்ணமாட்டார்."

கடைக்காரி நடையை நிறுத்தினாள். "அவருக்கும் நிக்குமா?"

மறுநாள் காலை இருவரும் மாடியில் இருந்தார்கள்.

"ஐயா, உங்க தோள்ல பேய் உண்டா?" என்று கேட்டாள் கடைக்காரி.

"முப்பது வருஷமா சுத்தமான தோள்," என்றார் தோளானந்தர் பெருமையாக.

"அப்போ உங்களுக்கு நாடி நிக்காது. இவங்கல்லாம் பாக்கட்டுமே."

கூட்டம் ஆவலோடு நெருங்கியது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கடைக்காரி இடக்கையால் அவர் கையைத் தூக்கிப் பின்னால் இழுத்தாள், வலக்கையால் தலையை ஒரே திருப்பாகத் திருப்பினாள். தலையைத் திருப்புவது அவள் தொழில். "மூச்சை இழுத்துப் பிடிங்க." வரிசையில் முதலில் நின்ற தையல்காரரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அவர் தடவினார். மறுபடி தடவினார். "ஐயாவுக்கு நாடி இல்லை," என்றார் மெதுவாக.

பின்னால் ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்: "போயிட்டாரா?"

தோளானந்தர் மூச்சை விட்டார். "இது... இப்பத்தான் உன்கிட்ட இருந்து என்மேல தாவிச்சு."

அவள் அவர் கையை இறக்கினாள். "யாரும் ஊதாதீங்க," என்றாள் கூட்டத்திடம். தையல்காரர் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. "வந்துடுச்சு," என்றார். "ஊதாமலே வந்துடுச்சு."

அவ்வளவுதான். படிக்கட்டு முழுக்க ஒருவர் கையை ஒருவர் தூக்கினார்கள். சிலருக்கு நின்றது, சிலருக்கு நிற்கவில்லை. நின்ற எல்லாருக்கும் ஊதாமலே திரும்பியது. போன வாரம் பேய் ஓடிவிட்டதாகச் சாட்சி சொன்ன அம்மாளுக்கும் நின்றது. அந்த அம்மாள் தன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தோளானந்தரின் மடியில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். மனிதரால் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே உட்காரவைத்து வாங்கிய காசையெல்லாம் வசூலித்தார்கள். பிறகு அவரே பேய் பிடித்ததுபோல ஓடினார்.

கடைக்காரி நாற்காலியைத் தாழ்த்திப்போட்டாள், இடையிடையே கைக்கு ஓய்வு கொடுத்தாள், நாத்தனார் சொல்லித்தந்த பயிற்சிகளைத் தவறாமல் செய்தாள். இரண்டு மாதத்தில் எறும்புகள் ஒவ்வொன்றாக வீடு காலி செய்தன.

ஆனால் அடுத்த தெருவில் முழங்காலில் குடியிருக்கும் பேய்க்கு ஒருவர் கடை திறந்திருக்கிறாராம். அங்கும் காலை எட்டு மணிக்கே வரிசையாம். தோளுக்குப் பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்கிறது. தோளுக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதற்கு அவரவர்தான் பயிற்சி கொடுத்துக்கொள்ள வேண்டும்.