ஏழாம் பலகையில் ஓர் ஆணி

பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில், பாலிஷ் காய்ந்து பளபளத்த ஏழாம் பலகையில் ஆணியடித்துத் தன் சட்டையை மாட்டியவர், அந்தப் பலகையைச் சுவரில் பொருத்திய தச்சரேதான்.

"புத்தி எங்கங்க போச்சு உங்களுக்கு?" என்றாள், கூடவே பாலிஷ் வேலை பார்க்கும் மனைவி.

"பழக்கதோஷம்டி. கை தானா அடிச்சிருச்சு."

சாதாரண மரமென்றால் தொலைகிறது என்று விடலாம். இது மேப்பிள் என்ற வெளிநாட்டு மரம், அதிலும் உடம்பெல்லாம் குருவிக்கண் மாதிரி இயற்கையாகவே புள்ளி விழுந்த ரகம். ஒரே மரத்தில் சீவிய பன்னிரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிய பன்னிரண்டு பலகைகள். உபரி ஒன்றுகூடக் கிடையாது. நான்கு மணிக்கு டாக்டரம்மா ஒரு மர நிபுணரோடு வருகிறார். அவர் தலையாட்டினால் டாக்டரம்மாவின் புது வீட்டு வேலை முழுவதும் தச்சருக்கு. இல்லையென்றால் இதையும் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஆணியைப் பிடுங்கி, மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்தார். அது மச்சம் மாதிரி கறுத்துத் தெரிந்தது.

"அதையும் ஒரு கண்ணாக்கிடுங்க."

ஆணிமுனையால் சுற்றிக் குத்தி, சாயம் தொட்டு வைத்தார். கண் பிரமாதமாக வந்தது. ஆனால் வெற்றிடத்தில் ஒற்றையாக நின்று முறைத்தது. துணைக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தார்.

"ஐயய்யோ, உங்க அக்கா பாக்கற மாதிரியே இருக்கு!"

"எங்க அக்காவை எதுக்குடி இழுக்கற?"

எரிச்சலில் கீழே இரண்டு குத்தினார். அக்காவுக்கு மூக்கு வந்துவிட்டது.

மூக்கை மறைக்க நாலு குத்தினார். நாலு போதாமல் நாற்பது. இப்போது அந்த இடம் மட்டும் அடர்த்தியாகி, மீதிப் பலகை வழுக்கையாகத் தெரிந்தது. வழுக்கையையும் நிரப்பினார். மூன்றரை மணிக்குப் பலகையில் ஆணி படாத இடமே இல்லை.

"போதும், விடுங்க!"

"நீதானடி ஆரம்பிச்சு வச்ச!"

டாக்டரம்மாவோடு நிபுணர் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்தார். ஆறு பலகைகளை உம் கொட்டிக்கொண்டே கடந்தவர், ஏழாவதின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவேயில்லை. மனைவி மெல்ல வாசல் பக்கம் ஒதுங்கினாள். ஒருவழியாக மீதி ஐந்தையும் பார்த்து முடித்துத் திரும்பினார் நிபுணர்.

"டாக்டர், உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. இந்த ஏழாவது ஒண்ணுதான் அசல். மத்த பதினொண்ணும் யாரோ உக்காந்து ஆணியால குத்தினது, எல்லாத்தையும் பிடுங்கிட்டு இதே மாதிரி வைக்கச் சொல்லுங்க!"